குருவிக்குக் குளிருமா?

கேள்வி: மார்கழிப் பனியில் எங்கள் கொல்லைக்கு வரும் குருவிகள் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. குளிர் தாங்குமா? என்ன தீனி வைக்கலாம்?
— ஒரு வாசகி, திருத்தணி

பதில்: கவலை வேண்டாம், கம்பளி போர்த்தியிருக்கின்றன! இறகுகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்து, 40 டிகிரியை ஒட்டிய உடல்சூட்டைக் காத்துக்கொள்கின்றன. வெயில் ஏறிய பிறகும் உப்பியபடியே தூங்கி வழிந்தால்தான் நோய். பனி உறையும் நாடுகளில் தீனி வைப்பது உயிர் காக்கும் வேலை; திருத்தணியில் அது வெறும் விருந்துபசாரம்.

விடிந்ததும் ஒரு பிடி கம்பும் நொய்யும் தூவுங்கள். சிட்டும் சில்லையும் வரும். மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் கனிந்த பப்பாளித் துண்டு. மிச்சமான மிக்சரைக் கொட்டாதீர்கள், உப்பு ஆகாது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவி பூச்சிதான் தின்னும். செடிக்கு மருந்தடிக்காமல் இருந்தாலே அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரி.

தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; கால் ஊன்ற நடுவில் ஒரு கல். தினமும் கழுவி ஊற்றுங்கள். சித்திரையில் உங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போதுதான் அந்தச் சட்டிக்கு உண்மையான கிராக்கி.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கொல்லையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிந்தால் நீங்களும் அதில் சேர்த்தி.