பிடுங்குவதற்கு முன் எலும்பைக் கேள்

குந்தாரப்பள்ளி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அம்மா போனில் சொன்னாள். கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உடைந்து, நைட் ஷிப்டில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நிற்கிறாயாம். இந்த வாரம் பிடுங்கிவிட்டு, ரெண்டு மூன்று வருஷத்தில் கையில் காசு சேர்ந்ததும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாயாம். அந்த ரெண்டு மூன்று வருஷத்தை நினைத்துத்தான் தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

எனக்கு 47 வயதில் இதே பல் போனது. பிடுங்கினார்கள், பஞ்சைக் கடிக்கச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். எலும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் கழித்து பெங்களூரில் இம்பிளான்ட் வைக்கப் போனபோது, ஸ்கேன் படத்தை டாக்டர் திரையில் குறுக்குவெட்டாகக் காட்டினார். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு, ரெண்டு பக்கமும் வெட்டிவிட்ட வரப்பு மாதிரி மேலே கூர்ந்து நின்றது. அளந்தார், மூன்றரை மில்லிமீட்டர். வைக்க வேண்டிய இம்பிளான்ட் திருகே நாலு மில்லிமீட்டர். அதற்கு இரு பக்கமும் எலும்பு வேறு நிற்க வேண்டும். முதலில் எலும்பை வளர்க்க ஒரு ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். வேண்டாமென்று பஸ் ஏறிவிட்டேன். இன்றுவரை ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறேன். களிக்குத் தொந்தரவில்லை. கறி என்றால் உன் அத்தை தனியாக வேகவைத்துத் தர வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடாவின் கீழுதட்டை விலக்கி, பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்த்து விலை பேசுவதை என் பக்கத்தில் நின்று பழகியவன் நீ. பல் ஊன்றியிருக்கும் எலும்பைப் பார்க்க மட்டும் நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பல் குழியின் சுவர் பல்லை நம்பியே இருக்கிறது. வேரையும் எலும்பையும் நுண்ணிய நார்கள் கட்டியிருக்கின்றன, மெல்லும்போது விழும் அழுத்தம் அவற்றின் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது. வேர் போனதும் உடம்பு அந்தச் சுவரைக் கரைக்க ஆரம்பிக்கும். கன்னத்துப் பக்கச் சுவர் மெலிசு, அதனால் அங்கேதான் அதிகம் கரையும். கடைவாய்ப் பக்கத்துப் பற்களைப் பிடுங்கியவர்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்றில், ஒரே வருஷத்தில் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு போனது முதல் 3 மாதத்துக்குள். நீ காசு சேர்க்கத் தொடங்கும்போதே எலும்பு செலவாகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் பிடுங்குகிற அன்றே செய்ய வேண்டும். சுவர் உடையாமல் பல்லைப் பக்குவமாக எடுத்து, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எலும்புத் தூளை நிரப்பி, மேலே கொலாஜன் சவ்வு வைத்துத் தைப்பார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல அந்தத் தூள் இடத்தைப் பிடித்து நிற்க, இடுக்குகளில் உன் சொந்த எலும்பு வளரும். நாலிலிருந்து ஆறு மாதத்தில் திருகு வைக்கலாம். கரைவது முழுசாக நிற்காது, வெகுவாகக் குறையும். தூள் மாட்டெலும்பிலிருந்து எடுத்ததும் உண்டு, செயற்கையும் உண்டு. உனக்கு எது சம்மதமோ முன்கூட்டியே சொல். சுவர் கெட்டியாக இருந்தால் பிடுங்கிய கையோடு திருகு வைப்பதும் உண்டு. அதைப் படம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற டாக்டர் டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்து, 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் திருகுகளைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அவை உழைத்தன. உலோகம் உழைக்கும் மருமகனே, அது பிடித்துக்கொள்ள எலும்பு வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டுக் காப்பாற்ற முடியுமா? முடியுமென்றால் பிடுங்காதே. உன் சொந்த வேரைப்போல எலும்பைக் காப்பது வேறில்லை. நம் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரின் ஃப்ளூரைடால் பல் பழுப்பேறியவர்கள் ஏராளம். கறை பிடித்த பல்லெல்லாம் சொத்தைப் பல் என்று நினைத்து நல்ல பல்லை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், அன்று முழுதும் வாய் கொப்பளிக்காதே, துப்பாதே, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே. குழியில் உறையும் ரத்தம்தான் புண் ஆறுவதற்கு அடித்தளம். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலை அடக்கும் பழக்கம் உன் ரூமில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையும் சிகரெட்டையும் விட்டுவிடு, புண்ணை ஆறவிடாது. சர்க்கரையும் ஒருமுறை பார்த்துக்கொள், உன் தாத்தாவுக்கு இருந்தது.

செலவை முதலிலேயே எழுதி வாங்கு. ஈ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும் என்று கேள். பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவாக இருக்கும், அங்கேயும் விசாரி. தூளுக்கும் தையலுக்கும் ஆகிற பணத்தை நான் தருகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் பேசிவிட்டுத் தேதியைச் சொல். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளானாலும் ஓசூருக்கு வந்து உன்னோடு உட்காருகிறேன்.

உன் மாமா