சிறு கச்சேரிக்குரிய பாஸ் ஒலிபெருக்கி

வாத்தியக் கோஷ்டியொன்றிலே பாஸ் கிட்டார் வகிக்கும் ஸ்தானம், வீட்டிற்கு அஸ்திவாரம் வகிக்கும் ஸ்தானத்தை ஒப்பதாம். காண்பார் கண்ணுக்குப் புலனாவன சுவரும் கூரையுமே. அவற்றைத் தாங்கி நிற்பதோ மண்ணுள் மறைந்த கல். அங்ஙனமே கேட்போர் செவி பாட்டின் பின்னே செல்லுமாயினும், அப்பாட்டிற்குச் சுருதியையும் தாளத்தையும் உறுதிப்படுத்துவது பாஸின் மந்தர நாதமேயாகும். ஆயின் இவ்வாத்தியத்திற்கு ஒரு குறையுண்டு. வீணைக்குக் குடம்போல, நாதத்தைத் தானே பெருக்கும் கூடு இதற்கு இல்லை. கட்டை மரத்தாலாய உடலும், தந்தியின் அசைவை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருளுமே உள. ஆகலின் ஒலிபெருக்கியில்லாத பாஸ் கிட்டார் ஏறக்குறைய ஊமையே. ஒலிபெருக்கியைத் தெரிந்தெடுப்பவன் தன் வாத்தியத்தின் மறுபாதியைத் தெரிந்தெடுக்கிறான் என்பது மிகையன்று.

சிறு கச்சேரி என ஈண்டுக் குறிப்பது, ஐம்பது முதல் நூறு பேர் அமரும் அறையில், ஒரு டிரம், ஒரு கிட்டார், ஒரு பாடகர் ஆகியோருடன் நிகழ்வதை. இத்தகைய கச்சேரிக்குச் சுமையாட்கள் வருவதில்லை. வாசிப்பவன் தன் கருவிகளைத் தானே சுமந்து, வண்டியேற்றி, மாடிப்படி ஏறி, நள்ளிரவில் மீண்டும் இறக்க வேண்டும். முதுகு நோவக் கனத்த பெட்டியைச் சுமந்தவன் இரண்டு மணி நேரம் செவ்வனே வாசித்தல் அரிது. ஆகவே இலகுவான ஒலிபெருக்கியை நாடுதல் நியாயமே. எனினும், “எடை குறைந்ததே ஏற்றது” என்று துணிந்து பொருளைச் செலவிடுமுன், “எடை குறைந்தது எந்த உறுப்பில்?” என்று வினவுதல் வேண்டும். இவ்வொரு வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று உறுப்புக்கள்

ஒலிபெருக்கி என்பது மூன்று உறுப்புக்களின் தொகுதி. வாத்தியத்தினின்று வரும் நுண்ணிய மின்னலையை வலிதாக்கும் மின்பெருக்கி ஒன்று. அம்மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றும் ஸ்பீக்கர் மற்றொன்று. ஸ்பீக்கரைத் தாங்கி, அதன் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் கலந்து ஒன்றையொன்று அழியாவண்ணம் தடுக்கும் பெட்டி மூன்றாவது. இம்மூன்றும் ஒரே கூட்டில் அமைந்ததைக் காம்போ என்பர். மின்பெருக்கி தனித்து நிற்பின் அதனை ஹெட் என்றும், ஸ்பீக்கர்ப் பெட்டியைக் கேபினெட் என்றும் வாசிப்போர் வழங்குவர்.

பழைய சுமையின் காரணம்

லியோ பெண்டரின் பிரஸிஷன் பாஸ் 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன்பின் அதற்கேற்ற ஒலிபெருக்கிகளும் வளர்ந்தன. ஆம்பெக் கம்பெனியார் 1960இல் வெளியிட்ட பி-15 என்னும் கருவி, 25 வாட் சக்தியும் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் உடையது. அக்கம்பெனியாரே 1969இல் பெருவெளிக் கச்சேரிகளை உத்தேசித்து எஸ்.வி.டி. என்னும் கருவியைச் செய்தனர். அது 300 வாட் சக்தியும் 14 வால்வுகளும் கொண்டது. அதன் ஹெட் மாத்திரமே 35 கிலோவிற்கு மேற்பட்டது. அதனோடு இணைக்கும் கேபினெட்டில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. ஒருவர் தனித்துச் சுமக்கும் பொருளன்று அது.

இச்சுமைக்குக் காரணங்கள் மூன்று: மின்பெருக்கியுள் இருந்த இரும்பும் செம்புமாகிய டிரான்ஸ்பார்மர்கள், ஸ்பீக்கரின் பின்னிருந்த கனத்த காந்தம், தடித்த பலகையாலாய பெரிய பெட்டி. இவற்றுள் முதலிரண்டும் பிற்காலத்து விஞ்ஞானத்தால் குறைந்தன. மூன்றாவதன் கதையோ வேறு.

நஷ்டமின்றிக் குறைந்த எடை

முதலில் மின்பெருக்கியை நோக்குவோம். முந்தைய முறையில் டிரான்ஸிஸ்டர்கள் பாதி திறந்த மதகைப் போல நின்று, பெற்ற மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கின. அவ்வெப்பத்தைப் போக்கக் கனத்த அலுமினியத் தகடுகள் வேண்டியிருந்தன. கிளாஸ்-டி என்னும் முறையிலே டிரான்ஸிஸ்டர், விநாடிக்குப் பல லட்சம் முறை முற்றத் திறந்தும் முற்ற மூடியும் தொழில் செய்கிறது. முற்றத் திறந்த மதகில் தடையில்லை. முற்ற மூடிய மதகில் ஓட்டமில்லை. ஆகலின் வெப்பம் மிகக் குறைவு. ஏற்ற மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்ட பங்கு ஸ்பீக்கரைச் சேரும்.

அடுத்தது மின்வழங்கி. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறுவது. இவ்வளவு மெதுவான மாற்றத்திற்கு டிரான்ஸ்பார்மரில் மிகுந்த இரும்பு வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கி, அம்மாற்றத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறையாக்கி, உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்பார்மரைக்கொண்டே காரியத்தை முடிக்கிறது. இவ்விரு முறைகளும் சேர்ந்ததனால், சில நூறு வாட் சக்தியுள்ள ஹெட் இரண்டு மூன்று கிலோ எடையில் கிடைக்கிறது.

காந்தத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1980க்களின் முற்பகுதியில் கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தம், ஸ்பீக்கர்களில் வழக்கமாயிருந்த பெரைட் காந்தத்தினும் பன்மடங்கு வலியது. ஆகவே சிறு துண்டே பெரிய வட்டின் வேலையைச் செய்யும். இதனால் விலை ஏறும், நாதம் குறைவதில்லை. கிளாஸ்-டி கருவிகள் பழுதுற்றால் அவற்றின் நுண்ணிய உறுப்புக்களைச் செப்பனிடுதல் கடினமென்பது உண்மையே. எனினும் நாதத்தைப் பொறுத்தவரை, மின்பெருக்கியிலும் காந்தத்திலும் குறைந்த எடை நஷ்டமின்றிக் குறைந்த எடையாம்.

நஷ்டத்தோடு குறையும் எடை

இனிப் பெட்டியை ஆராய்வோம். பெட்டியைச் சிறிதாக்கினாலும் எடை குறையும். ஆயின் இங்கே இயற்கை தன் கணக்கைத் தவறாது வாங்கிக்கொள்கிறது. இக்கணக்கை எடுத்துரைத்தவர், பியானோ வித்வான் ஜோஸப் ஹாப்மனின் புதல்வராகிய ஜோஸப் ஆன்டன் ஹாப்மன் என்னும் பௌதிக அறிஞர். 1957இல் தோன்றிய கே.எல்.எச். கம்பெனியின் பெயரிலுள்ள மூன்றாம் எழுத்து இவரையே குறிப்பது. இவர் பெயரால் வழங்கும் ‘இரும்பு விதி’ யாதெனில்: சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தர நாதம், குறைந்த வாட்டிற்கு மிகுந்த ஒலி என்னும் மூன்றில் இரண்டையே ஒருங்கு பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

இதன் காரணத்தை அறிதல் எளிது. நான்கு தந்தி பாஸின் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. ஐந்தாந் தந்தி சேர்ப்பின் அது ஏறத்தாழ 31. ஒரு ஸ்தாயி கீழிறங்கி அதே வலிமையுடன் ஒலிக்க வேண்டுமாயின், ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கூம்பின் பரப்புச் சிறிதாயின் அசைவு இன்னும் மிகும்; அசைவிற்கோ ஓர் எல்லையுண்டு. எல்லை கடந்தால் நாதம் சிதையும். நாளடைவில் கூம்பும் சுருளும் கெடும்.

அங்ஙனமாயின் சிறு பெட்டிகள் எவ்வாறு பாஸை ஒலிக்கின்றன என வினவலாம். ஒரு தந்தியின் நாதம், அடிநாதமும் அதன்மேல் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு வேகமுள்ள கிளைநாதங்களும் கலந்த கலவை. அடிநாதம் மெலிந்தாலும், கிளைநாதங்களைக் கேட்டே நம் செவி சுருதியை உணர்ந்துகொள்ளும். ஆகவே சிறிய பெட்டியில் பாஸ் புரியும். ஆனால் நெஞ்சில் தாக்கும் கனம் இராது. சிறிய அறையில் அது போதுமா என்பதை வாங்குவோன் தானே தீர்மானித்தல் வேண்டும்.

வாட் என்னும் எண்

விற்போர் பெரிதும் எடுத்துக்காட்டுவது வாட். இவ்வெண்ணை அளவறிந்து நம்புதல் வேண்டும். சக்தி இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் உயரும். செவிக்கு இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அஃதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். 250 வாட்டிற்கும் 500 வாட்டிற்கும் உள்ள வேற்றுமை, விலைச்சீட்டில் தோன்றுமளவு செவியில் தோன்றாது.

ஸ்பீக்கருக்கு உணர்திறன் என்று ஓர் அளவுண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியே அது. ஓர் உதாரணங் கொள்வோம். உணர்திறன் 94 டெசிபெல் உள்ள சிறு பெட்டிக்கு 400 வாட் கொடுத்தால், கணக்கின்படி 94-உடன் 26 கூடி 120 ஆகும். உணர்திறன் 100 டெசிபெல் உள்ள பெரிய பெட்டிக்கு 100 வாட் மாத்திரம் கொடுத்தால், 100-உடன் 20 கூடி அதே 120 ஆகும். நான்கிலொரு பங்கு சக்தி, அதே ஒலி! இன்னும், கணக்குச் சமமாயினும் தாழ்ந்த தந்தியில் சிறு பெட்டி முன்னதாகவே தன் அசைவெல்லையை எட்டிவிடும். ஆதலின் வாட்டை நோக்குமுன் ஸ்பீக்கரின் பரப்பையும் உணர்திறனையும் நோக்குக.

மின்தடையையும் மறத்தலாகாது. 8 ஓம் ஸ்பீக்கர்ப் பெட்டி இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம் ஆகும். அப்பொழுதே பல மின்பெருக்கிகள் தம் முழுச் சக்தியைத் தரும். பெண்டர் கம்பெனியாரின் ரம்பிள் 500 என்னும் காம்போ இதற்குத் தக்க சான்று. 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டுடன், 17 கிலோவிற்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள அக்கருவி, தன் ஸ்பீக்கர்களுக்கு மாத்திரம் 350 வாட்டே தரும். வேறொரு கேபினெட்டைச் சேர்த்தால்தான் பெயரிலுள்ள 500 வாட் கிடைக்கும். கருவியின் பின்புறத்தில் குறித்த ஓம் அளவிற்குக் கீழே ஒருபோதும் இணைத்தலாகாது, மின்பெருக்கி பழுதுறும்.

தெரிந்தெடுக்கும் முறை

இவற்றைக்கொண்டு நாம் பின்பற்றத்தக்க முறை வருமாறு:

முதலாவது, டிரம் வாசிப்பவரைக் கேளுங்கள். அறையின் ஒலியளவை வகுப்பவர் அவரே. டிரம் இல்லாமலோ, தூரிகையால் மெல்ல வாசித்தோ நிகழும் கச்சேரிக்கு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் 100 வாட்டும் பெரும்பாலும் அமையும். குச்சியால் ஓங்கி அடிக்கும் டிரம்முடன் நிற்க, 10 அங்குலம் இரண்டோ, 12 அல்லது 15 அங்குலம் ஒன்றோ, 300 வாட் அளவிற்குக் குறையாத சக்தியுடன் கொள்வது நலம்.

இரண்டாவது, மிக்ஸருக்கு நேரே அனுப்பும் டி.ஐ. வாயில் உண்டாவென்று பாருங்கள். சபைக்குரிய ஒலியை மண்டபத்து ஸ்பீக்கர்கள் ஏற்கும் இடத்தில், நும் ஒலிபெருக்கி நும் செவிக்கும் துணைவர் செவிக்கும் கேட்டாற் போதும். அப்பொழுது சிறு பெட்டியே தகுதி. 35 அல்லது 40 அதிர்விற்குக் கீழ்ப்பட்டதை நீக்கும் வடிகட்டி உளதாயின், அது சிறு கூம்பைப் பெரிதும் காக்கும்.

மூன்றாவது, எடையைப் பகுத்துப் பாருங்கள். ஒரே சுமையாய் 17 கிலோ தூக்குவதினும், 3 கிலோ ஹெட்டைத் தோளிலும் 12 கிலோ கேபினெட்டைக் கையிலும் கொண்டு செல்வது எளிது. அன்றியும், ஹெட் பழுதுற்றால் கேபினெட் பிழைக்கும். பின்னொரு காலத்தில் இரண்டாம் கேபினெட்டும் சேர்க்கலாம்.

நான்காவது, மின்னழுத்தம். அமெரிக்காவில் 120 வோல்ட்; இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். அயல்நாட்டினின்று வருவித்த கருவியில் இதனைச் சோதியாது இணைத்தால் கருவி எரியக்கூடும்.

ஐந்தாவது, கடையில் சோதித்தல். நும் சொந்தக் கிட்டாரையே கொண்டு செல்லுங்கள். தொனி மாற்றும் திருகுகளை நடுவில் நிறுத்தி, கச்சேரிக்குரிய உரத்தில் தாழ்ந்த தந்தியை நெடுநேரம் வாசியுங்கள். மெல்லிய ஒலியில் மந்தர நாதத்தைச் செவி குறைவாகவே உணரும் என்பதை பிளெச்சர், முன்ஸன் என்போர் 1933இல் அளந்து காட்டினர். ஆகவே மெல்ல வாசித்துப் பாஸ் திருகை மிகத் திருப்பி, “போதிய கனமுண்டு” என்று துணிவது ஏமாற்றமாய் முடியும். மேடையில் அதே திருகு சக்தியையெல்லாம் உண்டுவிடும்.

வைக்கும் இடம்

வாங்கிய பின்னும் ஒரு பாடமுண்டு. 41 அதிர்வுள்ள நாதத்தின் அலை, காற்றில் 8 மீட்டருக்கு மேல் நீண்டது. சிறு அறையில் அது சுவரோடு மோதி மீண்டு, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும். பெட்டியைத் தரையில் சுவரருகே வைத்தால் மந்தர நாதம் கணிசமாக உயரும். மூலையில் வைத்தால் இன்னும் மிகும். இது சிறு பெட்டிக்குச் செலவின்றிக் கிடைக்கும் துணை. சொற்கள் தெளிவின்றி அறை முழங்கினால் பெட்டியைச் சுவரினின்று விலக்குக. தெளிவு போதாதெனில், ஒலியைக் கூட்டுமுன் பெட்டியை நாற்காலிமேல் ஏற்றுக. முழங்காலை நோக்கிப் பாய்ந்த கிளைநாதங்கள் செவியை எட்டும். கூட்டவேண்டிய அவசியமே பலகாலும் நீங்கும்.

மாணவ நண்பர்களே! இலகுவான கருவியை வாங்குவதில் யாதொரு தாழ்வுமில்லை. மின்பெருக்கியிலும் காந்தத்திலும் எடை குறைந்திருப்பின் மகிழ்ந்து கொள்ளுங்கள். பெட்டியில் குறைந்திருப்பின், விட்டுக்கொடுத்தது யாது என்பதை அறிந்து, அது நும் அறைக்கு வேண்டாததாயின் மட்டும் கொள்ளுங்கள். அறியாது வாங்கியவன், இல்லாத கனத்தைத் தேடி ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பாடுவோர் சொல்லை மறைப்பான், ஸ்பீக்கரையும் இழப்பான், ஓராண்டிற்குள் மறுபடியும் பொருள் செலவிடுவான். அறிந்து வாங்கியவனோ, தன் முதுகையும் கைப்பொருளையும் காத்து, அஸ்திவாரம் போலத் தான் மறைந்து நின்று பாட்டைத் தாங்குவான்.