பழைய கிதாரும் புதிய நாதமும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள சுரமானியை அறியாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. உள்ளீடற்ற ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பியைத் தாங்கும் இரண்டு கத்திமுனைகள். அவ்வளவுதான் அந்தக் கருவி. முதலாண்டில் அந்தக் கம்பியின்மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடந்த கிதாரும் ஏறத்தாழ அதே கருவிதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதை உணர ஓராண்டு ஆயிற்று. அந்த அனுபவத்தை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிதார் வந்த கதை

என் தாய்மாமன் லாரி ஓட்டுநர். திருவிழாக் காலங்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசித்து வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், நான் சேர்ந்த அன்று அந்தக் கிதாரை எனக்கே கொடுத்துவிட்டார். என்னைவிட அதற்கு வயது அதிகம். தந்திகள் துருப்பிடித்திருந்தன. ஒலியோ தகர டப்பாவைத் தட்டியது போலிருந்தது.

நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு" என்றார்கள். மனம் கேட்கவில்லை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் கையில் இருந்தது. எல்லாப் பாகங்களையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அது எவ்வளவு தவறான முடிவு என்பது பின்னரே தெரிந்தது.

ஒலி செல்லும் வழி

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண், நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினது வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதிகளே இவை. கிதாரின் தடித்த ஆறாம் தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய முதல் தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிர்கின்றன.

ஆனால் மெல்லிய கம்பியால் தனியே காற்றை அதிகம் அசைக்க இயலாது. அதன் அதிர்வை அகன்ற முகப்பலகை வாங்கிக்கொண்டால்தான் நம் செவிக்கு எட்டும். அங்கே கொண்டு சேர்ப்பது சேடில் என்னும் மெல்லிய பட்டை. வீணையில் குதிரை செய்யும் வேலையைக் கிதாரில் இது செய்கிறது. தந்தி சேடிலை அழுத்துகிறது. சேடில், தான் பதிந்திருக்கும் பிரிட்ஜை அசைக்கிறது. பிரிட்ஜ் முகப்பலகையை அசைக்கிறது. தந்தியின் மறுமுனையில், தலைப்பக்கத்தில் இருப்பது நட். சுரமானியின் இரண்டு கத்திமுனைகள் இவைதாம்.

தந்திகள்

முதலில் தந்திகளை மாற்றினேன். பழைய தந்தியில் துருவும் அழுக்கும் ஏறி, அதன் நிறை இடத்துக்கு இடம் மாறிவிடும். அப்போது மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமையாமல் ஒலி மங்கும்.

கடையில் இருவகைத் தந்திகள் கிடைக்கின்றன. ஒன்று 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. இதை வெண்கலம் என்று விற்றாலும் வேதியியல்படி இது பித்தளையே. மற்றொன்று பாஸ்பர் வெண்கலம். இது செம்பும் வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரசும் சேர்ந்தது. 1974-இல் கிதார்த் தந்திக்கு அறிமுகமானது. முன்னது பளிச்சென்று ஒலிக்கும். பின்னது சற்றுக் கனிந்து ஒலிக்கும். பளபளப்பும் விரைவில் மங்காது.

தந்தியின் பருமனையும் கவனிக்க வேண்டும். ஒரே நீளம், ஒரே சுருதி எனில் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். முதல் தந்தியை 0.012 அங்குலத்திலிருந்து 0.010 அங்குலமாகக் குறைத்தால் இழுவிசை ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைகிறது. 12 எண் தொகுதியின் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையால் இழுக்கின்றன. 10 எண் தொகுதியில் இது ஏறத்தாழ 60 கிலோ. என் கிதாரின் முகப்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் இலேசாகப் புடைத்திருந்ததால் 10 எண்ணையே தேர்ந்தெடுத்தேன்.

ஒலி பெரிதும் தெளிந்தது. ஆயினும் தட்டிய சுரம் நீடிக்கவில்லை. உடனே அடங்கிப் போயிற்று.

சேடிலும் என் தந்தையும்

என் கிதாரில் இருந்தது பிளாஸ்டிக் சேடில். பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ இரண்டு கிராம், கடினமும் மிகுதி. எனவே எலும்புச் சேடில் அதிர்வை வீணாக்காமல் கடத்தும் என்று கணக்குப் போட்டேன். (பழங்காலத்தில் தந்தமும் பயன்பட்டது. இன்று அது சட்ட விரோதம். மாட்டெலும்பே போதும்.) எலும்புப் பட்டை ஒன்றை வாங்கி, தேய்த்துப் பொருத்தினேன். என்ன ஏமாற்றம்! முன்பிருந்ததைவிட ஒலி மோசமாயிற்று. வாங்கிய காசும் போயிற்றே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

என் தந்தை தச்சுத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வேலை முடிந்து வந்தவர் சேடிலை உருவியெடுத்தார். மூலைமட்டத்தின் விளிம்பில் அதன் அடிப்பக்கத்தை நிறுத்தி, விளக்குக்கு நேரே பிடித்தார்.

"அடியிலே வெளிச்சம் தெரியுது பாருடா. ரெண்டு ஓரமும்தான் உட்காருது, நடுவிலே தொங்குது. காலு ஊணாத நாற்காலியிலே உட்கார முடியுமா?" என்றார்.

நான் அடர்த்தியைக் கணக்கிட்டேன். தொடுபரப்பைக் கணக்கிட மறந்தேன்! பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும், அடிப்பக்கம் முழுவதும் பதியாவிட்டால் அதிர்வு எப்படிச் செல்லும்?

அவர் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலை நேராக நிறுத்தித் தேய்த்தார். சேடில் உட்காரும் பள்ளத்தின் அடியில் சுண்ணக்கட்டியைத் தடவி, சேடிலை அழுத்தி எடுத்தார். சுண்ணம் ஒட்டிய இடங்களே மேடு. அவற்றை மட்டும் மீண்டும் தேய்த்தார். அடிப்பக்கம் முழுவதும் ஒரே சீராகச் சுண்ணம் படியும்வரை அதை விடவில்லை. பக்கவாட்டிலும் சாயாமல், ஆனால் விரலால் உருவக்கூடிய அளவில் பொருத்தினார். பின் தந்தியை ஏற்றித் தட்டினேன். நெடுநேரம் நின்று, மெல்ல மெல்ல அடங்கியது நாதம். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

உயரத்தைக் குறைக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். 12-ஆம் மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. எனவே அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். ஒத்த முக்கோணங்களின் பயன் இது! அடியிலேயே தேய்க்க வேண்டும். மேல் விளிம்பின் வளைவைத் தொடக்கூடாது.

மற்றப் பாகங்கள்

நட்: மெட்டில் விரல் வைத்து அழுத்தியவுடன் தந்தியின் முனை அந்த மெட்டாகிவிடுகிறது. ஆகவே நட்டின் பொருள், விரல் வைக்காத தந்தியின் ஒலியையே பெரிதும் பாதிக்கும். சுருதி சேர்க்கும்போது தந்தி சிக்கிச் சிக்கி நகர்ந்தால் அதன் பள்ளத்தில் பென்சில் தூளைத் தடவினால் போதும்.

டியூனிங் கீ: இதனால் நாதம் பெருகாது, சுருதி நிலைக்கும். என் கிதாரில் நெடுநாளாகக் கேட்ட கிறுகிறு ஓசைக்குக் காரணம், தளர்ந்திருந்த ஒரு மறையே. திருகியதும் நின்றது. புதியது வாங்க வைத்திருந்த பணம் மிஞ்சியது.

பிரிட்ஜ் ஆணிகள்: பிளாஸ்டிக் ஆணிகளை எடுத்துவிட்டு எலும்பு ஆணிகளைப் போட்டேன். என் தங்கையையும் இரு நண்பர்களையும் முதுகு காட்டி உட்காரச் செய்து, மாற்றி மாற்றி வாசித்தேன். ஒருவராலும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. தந்தியின் கடைசியில் உள்ள சிறு உருளை, உட்பலகையில் நன்றாகப் பதிந்திருப்பதே முக்கியம்.

தொடக்கூடாதது

கிதாரின் உயிர் அதன் மரத்தில் இருக்கிறது. பக்கங்களுக்கும் முதுகுக்கும் உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டியும் ஒன்று. 1833 முதல் இயங்கிவரும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் பிரேசில் மரத்தை விட்டு நம் ஈட்டிக்கு மாறியது. பழைய மரத்தைச் சுரண்டுவதோ புதிய வார்னிஷைத் தடித்துப் பூசுவதோ நன்மை தராது. முகப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். எங்கேனும் பொத்தென்று கேட்டால் உள்ளே தாங்கும் சட்டம் விட்டிருக்கலாம். அதை ஒட்டிய பிறகே புதிய பாகங்களைப் பற்றி எண்ண வேண்டும்.

முடிவுரை

நான் கற்ற பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் தளர்ந்ததை இறுக்குங்கள். பின் தந்தியை மாற்றுங்கள். பிறகு சேடிலைச் சரியாகப் பதியுங்கள். அதன் பின்னும் தேவையிருந்தால் மட்டுமே செலவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாறிலிகளாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லி நம் பேராசிரியர்கள் கற்பித்ததும் அதுதானே!

அதிர்வெண்ணின் விதியைக் கல்லூரி எனக்குத் தந்தது. அந்த விதி வேலை செய்ய, இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று முழுமையாகத் தொட வேண்டும் என்பதை என் தந்தையின் கை தந்தது. இரண்டில் எது இல்லாதிருந்தாலும் மாமாவின் கிதார் இன்னும் பரணில்தான் கிடந்திருக்கும்.