நதிக்கரையும் நகரத் தோற்றமும்: சாந்த்ராகாச்சி புகட்டும் பாடம்

சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் அஞ்சல் ரயில், தன் பயணத்தை முடிப்பதற்குச் சுமார் 7 கிலோமீட்டர் முன்னதாக ஒரு சந்திப்பு நிலையத்தைக் கடக்கிறது. அதுவே சாந்த்ராகாச்சி. அதன் அருகில் ரயில்வேக்குச் சொந்தமான ஏரி ஒன்று உள்ளது. குளிர்காலத்தில் சில ஆயிரம் நீர்ப்பறவைகள் இங்கு வந்து தங்குகின்றன. ஏரியைச் சூழ்ந்து குடியிருப்புகளும், இருப்புப்பாதைகளும், ஒரு விரைவுச் சாலையும் நெருங்கி நிற்கின்றன. ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக நிகழ்ந்துவரும் மாற்றங்கள் இச்சிறு நீர்நிலையை எவ்வாறு வந்தடைந்தன என்பதை ஆராய்வது, நகர வளர்ச்சியைப் பயில்வோர்க்கும் நிர்வகிப்போர்க்கும் பயனளிக்கும்.

துறைமுகம் வகுத்த கரை

கல்கத்தா நதியால் பிறந்த நகரம். கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்நாட்டில் அமைந்திருந்தும், கப்பல்கள் வந்து செல்லக்கூடிய ஆழம் ஹூக்ளியில் இருந்தமையால் வாணிபம் இங்கே வேரூன்றியது. 1870-ஆம் ஆண்டில் துறைமுக நிர்வாகத்திற்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. கிழக்குக் கரையில் படகுத் துறைகளும் சரக்குக் கிடங்குகளும் வரிசையாக எழுந்தன. எதிர்க்கரையான ஹவுராவில் சணல் ஆலைகளும், வார்ப்பட்டறைகளும், கப்பல் செப்பனிடும் தளங்களும் பெருகின. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1900-ஆம் ஆண்டில் வங்காள-நாகபுரி ரயில்வேயும் ஹவுராவை எட்டியது. சாந்த்ராகாச்சி அந்தப் பாதையின்மீது அமைந்த ஊராகும்.

ஆகவே, அக்காலத்தில் நதிக்கரை என்பது உழைப்பின் களமாக இருந்தது. உலாவும் இடமாக இருந்தது மிகக் குறைவு. வானளாவிய கட்டடங்கள் இல்லாத அந்நாளில், நகரின் தோற்றத்தை நிர்ணயித்தவை சில தனிக் கோபுரங்களே. 1828-ஆம் ஆண்டில் எழுந்த 48 மீட்டர் உயரமுள்ள ஆக்டர்லோனி நினைவுத்தூண் தொலைவிலிருந்தே தென்பட்டது; இன்று அது சஹீத் மினார் எனப்படுகிறது. உயர் நீதிமன்றத்தின் கோபுரமும், ஹவுராக் கரையில் ஆலைகளின் புகைபோக்கிகளும் அதற்குத் துணையாயின.

பாலங்கள் மாற்றிய தொடுவானம்

இரு கரைகளையும் 1874 முதல் இணைத்தது ஒரு மிதவைப் பாலம். கப்பல்கள் செல்வதற்காக அதன் நடுப்பகுதியை அவ்வப்போது விலக்க வேண்டியிருந்தது. அவ்வேளையில் சாலைப் போக்குவரத்து நின்றுவிடும். நதிவழிப் போக்குவரத்தும் தரைவழிப் போக்குவரத்தும் ஒன்றையொன்று தடுத்த இந்நிலைக்குத் தீர்வாக அமைந்ததே ஹவுரா பாலம். 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று அது போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நதியின் நீரோட்டத்தில் ஒரு தூண்கூட இல்லாமல், 457 மீட்டர் நீளமுள்ள மையப்பகுதி இரு கோபுரங்களுக்கிடையே நிற்கிறது. சுமார் 26,500 டன் எஃகு இதற்குத் தேவைப்பட்டது; அதில் பெரும்பகுதியை டாட்டா நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்தளித்தது. 1965-இல் இதற்கு ரவீந்திர சேது எனப் பெயர் சூட்டப்பட்டது.

இரண்டாவது பாலமான வித்யாசாகர் சேதுவுக்கு 1972-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1992 அக்டோபர் 10 அன்றுதான் அது திறக்கப்பட்டது. கம்பிவடங்களால் தாங்கப்படும் இப்பாலத்தின் நீளம் 823 மீட்டர். ஒரு திட்டம் அடிக்கல்லிலிருந்து திறப்பு விழா வரை இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பது திட்டமிடுவோர் சிந்திக்க வேண்டிய செய்தி. எனினும் அதன் விளைவு மிகப் பெரிது. முதல் பாலம் நகரின் மையத்தை ரயில் நிலையத்துடன் இணைத்தது. இரண்டாவது பாலமோ கோனா விரைவுச் சாலை வழியாக நகரைத் தேசிய நெடுஞ்சாலையுடன் இணைத்தது. அச்சாலை சாந்த்ராகாச்சியின் ஊடே செல்கிறது. அதுவரை நகரின் பின்புறமாக இருந்த ஊர், அதன் மேற்கு வாயிலாக மாறியது.

கரையின் புதிய பணி

இதற்கிடையில் நதியின் நிலையே மாறிவந்தது. வண்டல் படிந்து ஹூக்ளியின் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் நகர் வரை வருவது கடினமாயிற்று. கங்கை நீரைத் திருப்பி நதியைத் துலக்கும் நோக்குடன் கட்டப்பட்ட பராக்கா அணை 1975-இல் செயல்படத் தொடங்கியது. கடலுக்கு அருகில் ஹால்டியாக் கப்பல்துறை 1977-இல் தொடங்கப்பட்டது. சரக்கு கீழ்நோக்கி நகர, நகரின் பழைய கரையில் கிடங்குகள் வேலையிழந்தன. ஹவுராவின் ஆலைகளும் பட்டறைகளும் நலிவுற்றன.

வேலை நீங்கிய கரையை நகரம் வேறு நோக்கில் காணத் தொடங்கியது. ஸ்டிராண்ட் சாலையை ஒட்டிப் பூங்காக்களும் நடைபாதைகளும் அமைந்தன. கரையை மக்களுக்குத் திறந்துவிட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் உழைத்துப் பிழைத்தோர் இருந்த இடத்தில் உலாவ வருவோர் இடம்பெறும்போது, முன்னவர் எங்கே சென்றனர் என்ற கேள்வியையும் வளர்ச்சித் திட்டம் கேட்க வேண்டும்.

கட்டடங்களின் உயரமும் பெருகியது. 1970-களில் சௌரங்கிப் பகுதியில் எழுந்த 24 மாடிக் கட்டடம் அந்நாளில் வியப்புக்குரியதாக இருந்தது. 2019-இல் அதே சாலையில் 60-க்கும் மேற்பட்ட மாடிகளுடன் ஒரு குடியிருப்புக் கோபுரம் நிறைவுற்றது. மாநிலத் தலைமைச் செயலகமே 2013-இல் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஹவுராக் கரையிலுள்ள நபன்னா என்னும் பல மாடிக் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. 2024 மார்ச் மாதத்தில் நதியின் அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. நதியை மேலே கடந்த நகரம், கீழேயும் கடந்துவிட்டது.

வாயிலில் நேர்ந்த நெருக்கடி

மையத்தில் உயரம் கூடும்போது விளிம்பில் நெருக்கம் கூடுகிறது. இதற்குச் சாந்த்ராகாச்சி சான்று. ஹவுரா நிலையத்தின் பளுவைக் குறைக்கும் பொருட்டுப் பல தொலைதூர ரயில்கள் இங்கிருந்து புறப்படலாயின. பேருந்து நிலையமும் அமைந்தது. ஆனால் பயணிகள் பெருகிய வேகத்திற்கு ஈடாக நடைமேம்பாலங்களும் நடைமேடைகளும் விரிவடையவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று, பல ரயில்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தபோது நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நகரின் பளு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படும்போது, அதைத் தாங்கும் வசதியும் உடன் செல்ல வேண்டும் என்பதை அவ்விபத்து உணர்த்திற்று.

ஏரியின் நிலையும் இத்தகையதே. சீழ்க்கைச் சிறகிகளே இங்கு மிகுதியாகக் காணப்படும் பறவைகள்; ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகளும் வருகின்றன. குளிர்காலத்திற்கு முன் ஆகாயத்தாமரை அகற்றப்படுகிறது. ஆயினும் முழுவதும் அகற்றுவதில்லை. பறவைகள் அமர்ந்து இளைப்பாறுவதற்காகச் சில திட்டுகள் விட்டுவைக்கப்படுகின்றன. திறந்த நீர், இருக்கத் திட்டு ஆகிய இரண்டும் பறவைக்குத் தேவை என்பதே இதன் தத்துவம்.

ஆனால் ஆகாயத்தாமரை ஏன் இவ்வளவு செழிக்கிறது? சுற்றுப்புறக் குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரியில் கலப்பதால் சத்துப்பொருள்கள் மிகுகின்றன. அவையே களைக்கு உரமாகின்றன. களையை ஆண்டுதோறும் அகற்றுவது நோயின் அறிகுறிக்குச் செய்யும் மருத்துவம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரி குறித்து விசாரித்து, கழிவுநீரைத் தடுத்துத் திருப்பவும் சுத்திகரிக்கவும் அறிவுறுத்தியது. நிலம் ரயில்வேக்கு உரியது. கழிவுநீர் நகராட்சி எல்லையிலிருந்து வருகிறது. பறவைகள் வனத்துறையின் பொறுப்பு. ஏரி ஒன்றாயினும் அதிகாரம் மூன்றாகப் பிரிந்து கிடப்பதே இங்குள்ள உண்மையான சிக்கல்.

தமிழகத்திற்கும் பொருந்துவது

இது வங்கத்திற்கு மட்டும் உரிய கதையன்று. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்த பின், அவற்றின் தெற்கே மணல் சேர்ந்தே இன்றைய மெரினாவின் விரிந்த கடற்கரை உருவாயிற்று. 1959-இல் அண்ணாசாலையில் எழுந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் நகரின் அடையாளமாயிற்று. அதன்பின் நகரம் தெற்கே விரிந்தபோது, அந்த விரிவின் பளுவைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுமந்தது. அதன் பெரும்பகுதி சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இரையாயிற்று. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது எஞ்சியதைக் காக்கும் முயற்சியே.

முடிவாக, ஒரு நகரின் வளர்ச்சியை அதன் கோபுரங்களின் உயரத்தாலும் பாலங்களின் நீளத்தாலும் மட்டும் அளப்பது குறைபட்ட கணக்காகும். புதிய சாலைக்கும் நிலையத்திற்கும் ஒப்புதல் தரும் கோப்பிலேயே, அவற்றால் பெருகும் மக்களின் கழிவுநீர் எங்கே செல்லும், நடந்து செல்வோர் எவ்வழியே கடப்பர், அருகிலுள்ள நீர்நிலைக்குப் பொறுப்பேற்கும் ஒரே அதிகாரி யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இடம்பெற வேண்டும். மாடிகளைப் பின்னரும் எழுப்பிக் கொள்ளலாம். தூர்ந்துபோன நீர்நிலையை மீண்டும் பெறுவது அரிது.