ஆபீஸ் முழுமைக்கும் ஒரே காவல்

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைத்து, ஒன்றைச் செயலாளரிடமும் மற்றொன்றைக் காசாளரிடமும் ஒப்படைப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இன்றோ சங்கப் பணத்தின் பெரும்பகுதி பெட்டியில் இல்லை. கணினி வழியாகவே வங்கிக் கணக்கில் வரவும் செலவும் நடைபெறுகின்றன. பெட்டிக்குச் செய்த காவலைக் கணினிக்கும் செய்திருக்கிறோமா என்பதே இப்பாடத்தின் பொருள்.

சென்ற தீபாவளிக்கு முன் தியாகராய நகர்ப் பகுதியிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் விற்பனை ஆபீஸைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வங்கியிலிருந்து வந்தது போன்ற ஒரு மின்னஞ்சல் அங்குள்ள குமாஸ்தாவுக்கு வந்திருந்தது. அதிற் கண்ட இணைப்பை அவர் திறந்தார். வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் தோன்றிற்று. கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் இட்டுவிட்டார். அருகிலிருந்த காசாளர் ஐயங்கொண்டு உடனே வங்கிக்குத் தொலைபேசியில் தெரிவித்தமையால் பணம் போகவில்லை. ஆனால் கணக்கு முடக்கப்பட்டு மூன்று நாட்கள் கழித்தே திறக்கப்பட்டது. பண்டிகைக்கு எதிர்பார்த்திருந்த கூலி அத்தனை நெசவாளர் வீடுகளுக்கும் மூன்று நாட்கள் தாமதமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செயலாளரின் கணினியில் அதே முகவரியைச் சோதித்தபோது, அங்கிருந்த பாதுகாப்பு நிரல் அதைக் கேடுள்ள தளமென்று தடுத்துவிட்டது. அறை ஒன்று, சங்கம் ஒன்று. ஆனால் ஒரு மேஜைக்குக் காவல் இருந்தது, அடுத்த மேஜைக்கு இல்லை. குமாஸ்தாவைக் கடிந்து பயனென்ன? ஏற்பாட்டிலேயே குறை.

இழப்பு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்குப் புனேயிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி ஓர் எடுத்துக்காட்டு. 2018 ஆகஸ்டு 11, 13 ஆகிய இரு தேதிகளில், அதன் கணினி அமைப்பிற் புகுந்த தீநிரலின் துணையால், சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. இருபத்தெட்டு நாடுகளில் ஏ.டி.எம். வழியாகப் பணம் எடுக்கப்பட்டது.

காவல் நிற்கும் இடம்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகே புதிதாக வந்தவர் ஒரு கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்கிறார். சொல்பவர் வழி காட்டினால்தான் அவர் அங்கே போய்ச் சேர முடியும். கணினியும் அப்படியே. தளத்தின் பெயரை நாம் இட்டதும், அதற்குரிய எண் முகவரியை அது முதலில் ஓரிடத்தில் கேட்கிறது. அவ்வாறு எண் சொல்லும் ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர், 1983-இல் வகுக்கப்பட்டது. கேடுள்ள தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அப்பெயர்களுக்கு மட்டும் எண் சொல்ல மறுக்கும் டி.என்.எஸ். சேவைகள் உள்ளன. 2017-இல் தொடங்கிய 'குவாட்9' அவற்றுள் ஒன்று, கட்டணமில்லாதது. அதன் முகவரிகள் 9.9.9.9, 149.112.112.112 என்பன. ஆபீஸின் ரூட்டரில் இவற்றை ஒருமுறை பதித்தால், அதன் வழியே செல்லும் கணினிகள் யாவும் ஒரே காவலின் கீழ் வரும்.

நிர்வாகக் குழு செய்யத்தக்கவை

1. ரூட்டருடன் வந்த பாஸ்வேர்டை மாற்றி, புதியதை முத்திரையிட்ட உறையில் பெட்டியில் வைக்க வேண்டும்.

2. மேற்கண்ட முகவரிகளை ரூட்டரிற் பதிக்க வேண்டும். எந்தக் கணினியும் வேறு டி.என்.எஸ்.ஸிடம் கேட்க இயலாதவாறு 53-ஆம் போர்ட்டை மற்றவற்றிற்கு அடைக்க வேண்டும். சில பிரவுசர்கள் தாமாகவே வேறு வழியிற் கேட்கும். அந்த அமைப்பையும் நிறுத்த வேண்டும்.

3. வருவோரின் கைப்பேசிகளுக்குத் தனி வைஃபை அளிக்க வேண்டும். கணக்குக் கணினிகளோடு கலக்கலாகாது.

4. நல்ல தளமும் சில வேளை தடைபடும். அதைத் திறக்க வேண்டுமாயின் தேதி, தளம், காரணம், கேட்டவர் பெயர் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, செயலாளர் கையொப்பமிட்டு, அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும். வாய்மொழியாகத் திறந்த கதவு மீண்டும் மூடப்படுவது அரிது.

இதனால் ஆகாதவை

இக்காவல் முற்றும் போதுமென்று எண்ணலாகாது. இன்று காலை தோன்றிய போலித் தளம் பட்டியலில் ஏறியிராது. பென்டிரைவில் வரும் தீநிரலையும், தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்கும் வஞ்சகனையும் இது தடுக்காது. ஊழியர் தம் கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்கு இணைத்தால் காவலே இல்லை.

ஆகவே பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். வங்கிகள் தம் தளப் பெயர்களை 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' என முடியுமாறு மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். வங்கியென்று சொல்லி வரும் பெயர் அவ்வாறு முடியாவிடில், பாஸ்வேர்டு இடுவதற்கு முன் வங்கியைக் கேட்டறிக. பணம் போய்விட்டதாயின் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், கணமும் தாமதிக்கலாகாது.

தறியிலும் வயலிலும் உழைப்பவர் இந்தக் கணினிகளைக் காண்பதேயில்லை. எனினும் அவர்தம் கூலியும் விளைபொருளின் விலையும் அவற்றின் வழியாகவே வருகின்றன. பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் அங்கத்தினர், இக்காவலைப் பற்றியும் கேட்க உரிமையுடையவர்.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நமது சங்க ஆபீஸில் எத்தனை கணினிகள் உள்ளன? அவை யாவும் ஒரே காவலின் கீழ் இருக்கின்றனவா?

2. ரூட்டரின் பாஸ்வேர்டு யாரிடம் உள்ளது? அவர் விடுப்பிற் சென்றால் யார் பொறுப்பு?

3. தடையை நீக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருப்பது நன்றா? காரணம் கூறுக.