கித்தாரில் மேஜர் ஸ்கேலும் பண்ணுப்பெயர்த்தலும்

கித்தார் பயிலும் மாணவர் முதலிற் கற்பது மேஜர் ஸ்கேல் என்னும் ஏழிசை வரிசையாகும். விரல்கள் அதனை விரைவிற் பழகிவிடுகின்றன. செவியோ அதன் பண்பை எளிதில் உணர்வதில்லை. வெறும் வரிசை பாலையாகும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

கித்தாரின் அடுத்தடுத்த மெட்டுக்கள் அரைச்சுர இடைவெளியின; பன்னிரண்டு மெட்டுக்களில் ஒரு தானம் நிறைவுறும். முதலாந் தந்தியை விரல் வையாது மீட்டி, பின்னர் 2, 4, 5, 7, 9, 11, 12 ஆம் மெட்டுக்களில் முறையே அழுத்தி மீட்டுக. இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1 என அமையும். இதுவே மேஜர் ஸ்கேல். கருநாடக இசையில் 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்தின் சுரங்களும் இவையே.

வழக்கமான சுருதியமைப்பில் ஆறாந் தந்தி முதலாந் தந்திக்கு இரண்டு தானங் கீழ்ப்பட்ட அதே சுரமாகும். அதனை இடையறாது ஒலிக்கவிட்டு வரிசையை மீளவும் வாசித்துப் பார்க்க. ஏழாஞ் சுரம் மேற்சட்சத்தை நாடி நிற்பதும், நான்காஞ் சுரம் மூன்றாவதில் இளைப்பாற விழைவதும் புலனாகும். ஆதாரத்தோடு கொள்ளும் உறவே சுரத்துக்குப் பொருள் தருகின்றது.

இதனை மெய்ப்பிக்க ஒரு சோதனை உளது. தோழரொருவர் வேறொரு கித்தாரில் ஆறாந் தந்தியின் இரண்டாம் மெட்டை அழுத்தி ஒலிக்க, நாம் அதே ஏழு சுரங்களை இரண்டாம் மெட்டிலிருந்து பதினான்காம் மெட்டுவரை வாசிப்போமாயின், கேட்பது கரகரப்பிரியாவின் சுரவரிசை. மேனாட்டார் அதனை டோரியன் என்பர். இவ்வாறே மூன்றாஞ் சுரம் ஆதாரமாயின் தோடியும், நான்காவதாயின் கல்யாணியும், ஐந்தாவதாயின் அரிகாம்போதியும், ஆறாவதாயின் நடபைரவியும் பிறக்கும். ஏழாவதற்குத் தூய பஞ்சமம் வாய்க்காமையின் அது மேளமாகாது.

சுரம் ஒன்றேனும் மாறிற்றிலது, ஆதாரமே மாறிற்று. பண்டைத் தமிழர் இதனைப் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். செம்பாலையை அரிகாம்போதி எனக் கொள்ளும் ஆய்வாளர், அதன் உழையைக் குரலாக்கப் பிறக்கும் அரும்பாலையே சங்கராபரணம் என்பர். மட்டக்களப்பு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பாலைத் திரிபுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஐரோப்பாவிலும் கிளாரியன் என்னும் அறிஞர் 1547ஆம் ஆண்டு நூலிலேயே இவ்வரிசைக்கு அயோனியன் எனப் பெயரிட்டுத் திருச்சபை இசைமுறைகளோடு சேர்த்தார்.

எனினும், சுரவரிசை ஒன்றாதலால் இராகமும் ஒன்றெனக் கொள்ளற்க. கமகமும் சஞ்சாரமுமே இராகத்துக்கு உயிர். மாணவர் நாள்தோறும் ஆதாரத்தை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு சுரத்தையும் வாயாற் பாடியபின் மீட்டுவாராக. செவி முன்செல்ல விரல் பின்செல்லுதலே நன்னெறியாம்.