பழுதுபட்ட டீஸல் மின்சார யந்திரம்: வீட்டுப் பட்டறையில் செய்யத்தக்க பரிகாரங்கள்

நெற்பயிர் பொதி கட்டும் தருணத்தில் தண்ணீர் தவறினால் மகசூல் பெரிதும் குறைந்துபோகும் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. மின்சாரக் கம்பியில் சக்தி வராத வேளைகளிலும் கிணற்று மோட்டாரை ஓட்டும் பொருட்டுப் பலர் டீஸல் எஞ்சினுடன் இணைந்த மின்சார உற்பத்தி யந்திரத்தை வாங்கி வைத்திருக்கின்றனர். அது நின்றுவிட்டால், நகரத்திலிருந்து தொழிலாளி வந்து சேரும் வரையில் பயிர் காத்திராது. ஆனால் நின்றுபோன யந்திரத்தில் உறுப்பு ஏதேனும் உடைந்துதான் இருக்க வேண்டுமென்பதில்லை. அழுக்கும் காற்றும் தண்ணீருமே பல சமயங்களில் காரணமாகின்றன. அவற்றை முறையாகத் தேடிக் கண்டறிவோர் வீட்டிலேயே பரிகாரம் செய்துகொள்ளலாம். முறையின்றி எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றுவோர் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கிக்கொள்வர்.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் எஞ்சின் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் செவ்வனே ஓடிக் காட்டியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகைச் சிறு எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயினால் ஓட்டப்பட்டது என்பது நம் நாட்டுக் கடலைச் சாகுபடிக்காரர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். எனினும் இக்காலத்து எஞ்சினில் தாவர எண்ணெயை அப்படியே ஊற்றுதல் கூடாது. அது நாஸிலில் பிசின்போல் படிந்து கேடு செய்யும்.

இந்த எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டரில் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்களவிற்கு மேல் நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சமயத்தில் நாஸில் வழியாகப் பனிபோலத் தெளிக்கப்படும் டீஸல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே எஞ்சின் ஓடுவதற்குச் சுத்தமான காற்று, போதிய நெருக்கம், உரிய காலத்தில் உரிய விதமாகத் தெளிக்கப்படும் டீஸல் ஆகிய மூன்றும் வேண்டும். பழுதைத் தேடுவதும் இம்மூன்றினுள்தான்.

புகையின் நிறம்

யந்திரம் நிற்பதற்கு முன் எவ்வாறு ஓடிற்று என்பதை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். கரும்புகை கண்டிருந்தால் பளு மிகுதி, ஏர் கிளீனர் அடைப்பு, நாஸில் பழுது இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். நீலப்புகை, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை, டீஸல் எரியாமல் வெளியேறுவதையோ, காஸ்கெட் கெட்டுச் சிலிண்டருள் தண்ணீர் கசிவதையோ குறிக்கும்.

டீஸல் வரும் வழி

தொட்டியில் டீஸல் இருக்கிறதா, அடியில் தண்ணீர் தங்கியுள்ளதா என்பதைப் பார்த்த பின் பில்டரைக் கவனிக்க வேண்டும். அடைபட்டிருந்தால் புதியது மாற்றுக. தொட்டி ஒருமுறை முற்றும் வற்றிப்போயிருந்தால் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். பில்டரின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி டீஸல் வழிந்த பிறகு இறுக்குக. அவ்வாறே பம்பின் திருகையும் தளர்த்தி இறுக்குக. கடைசியாக நாஸிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்தி, டிகம்பிரஷன் லீவரைத் தூக்கி வைத்து, டீஸல் கசியுமளவும் எஞ்சினைச் சுற்றிப் பின் இறுக்குக. இதன் பின் சுற்றும்பொழுது நாஸிலில் ‘கிர்’ என்னும் ஒலி கேட்குமாயின் டீஸல் சரிவர வருகிறதென அறியலாம்.

ஒலி கேளாவிடில் நாஸிலைக் கழற்றி, வெளியே திரும்பியிருக்குமாறு அதே குழாயில் பொருத்தி, எஞ்சினைச் சுற்றிப் பார்க்கலாம். நல்ல நாஸில் மென்பனி போலத் தெளிக்கும். கெட்டது சொட்டுச் சொட்டாக ஒழுகும். இச்சோதனையின்போது கையை எதிரில் நீட்டுதல் ஒருகாலும் கூடாது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் அழுத்தத்தில் பாயும் டீஸல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உட்புகும். காயம் எறும்புக் கடிபோலத் தோன்றினும் உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரிடும். அவ்வாறு நேர்ந்தால் வலியில்லை என்று தாமதியாமல் உடனே அறுவைச் சிகிச்சையுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தெளிப்பு எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் பீடியும் விளக்கும் ஆகா.

நாஸிலின் மேற்படிந்த கரியைச் சுத்தமான டீஸலில் ஊறவைத்து, மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பித் தூரிகையாலோ நீக்கலாம். உப்புத்தாள் தேய்த்தல் கூடாது. நாஸில் ஊசியும் அதன் கூடும், பம்பின் பிளஞ்சரும் அதன் குழலும், ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த ஜோடிகள். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் மாற்றலாகாது. தெளிக்கும் அழுத்தத்தைச் சரிசெய்யச் சோதனைக் கருவி வேண்டுமாதலால் அவ்வேலையை நகரப் பட்டறைக்கே விட்டுவிடுவது நலம்.

நெருக்கத்தைச் சோதித்தல்

டீஸல் செல்லாதபடி நிறுத்திவிட்டு, டிகம்பிரஷன் லீவரை இறக்கி, பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புக. அது ஓரிடத்தில் எதிர்த்து நின்று, விட்டவுடன் பின்னுக்குத் துள்ளினால் நெருக்கம் உண்டு. தங்குதடையின்றிச் சுற்றிவருமாயின் காற்று எங்கோ கசிகிறது. காற்று நுழையும் வாயில் சீறல் கேட்டால் உள்வால்வும், புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வும், எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் ரிங்குகளும் குற்றமுடையவை. குளிர்விக்கும் நீரில் குமிழி எழுந்தால் காஸ்கெட் கெட்டதென்க. நாஸில் துவாரம் வழியே சிறிதளவு மசகு எண்ணெய் விட்டுச் சோதிக்கையில் நெருக்கம் மிகுந்தால் தேய்மானம் ரிங்குகளிலே என்பது உறுதியாகும்.

வால்வுக் கசிவை வீட்டிலேயே நீக்கலாம். முதலில் டாப்பெட் இடைவெளியைச் சோதிக்க. எஞ்சின் குளிர்ந்தபின், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், பீலர் கேஜினால் அளந்து, செய்தவரின் கைப்புத்தகத்திற் கண்ட அளவுக்கு வைக்க. அதனாலும் தீராவிடில் ஹெட்டைக் கழற்றி, வால்வையும் அதன் இருக்கையையும் அரைக்கும் பசையிட்டு, சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் தோன்றும் வரையில் தேய்க்க வேண்டும். பின்பு பசையை எச்சமின்றிக் கழுவுதல் முக்கியம். எஞ்சினுள் தங்கிய பசை சிலிண்டரையே தின்றுவிடும். ஹெட்டை மீண்டும் பொருத்துகையில் புதுக் காஸ்கெட் இட்டு, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக.

எஞ்சின் ஓடியும் மின்சாரம் வராவிடில்

நான்கு துருவமுள்ள ஆல்டர்னேட்டர் 50 சைக்கிள் மின்சாரம் தர, நிமிஷத்திற்கு 1,500 சுற்று ஓட வேண்டும். ஆகவே முதலில் வேகத்தைப் பார்க்க. பின்பு யந்திரத்தை நிறுத்திக் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துள்ளனவா, ஸ்லிப் ரிங்கில் அழுக்குப் படிந்துள்ளதா என நோக்குக. பல மாதங்கள் ஓடாத யந்திரத்தில் இரும்பிலே எஞ்சியிருக்க வேண்டிய காந்த சக்தி மறைந்திருக்கலாம். பாட்டரியால் அதை மீட்பதும் கம்பிச் சுருள்களைப் பழுது பார்ப்பதும் பழகிய மின்சாரத் தொழிலாளியின் வேலை.

உயிருக்கு அபாயம்

மூடிய கொட்டகையிலோ கிணற்றுக் குழியிலோ எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷ வாயு. மயங்கி விழுந்த பின்னரே அது இருந்தது தெரியும். கிராங்க் சுற்றுங்கால் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தால், கைப்பிடி பின்னுக்கு உதைத்தாலும் எலும்பு முறியும் அபாயம் குறையும்.

இவை எல்லாவற்றிலும் மேலாக, சர்க்கார் கம்பியையும் சொந்த யந்திரத்தையும் ஒருசேர இணையவிடாத மாற்று சுவிட்சு இன்றி யந்திரத்தை ஓட்டுதல் கூடாது. அது இல்லாவிடில் கொட்டகையில் உண்டாகும் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கிச் சென்று 11,000 வோல்ட் கம்பியில் ஏறும். சக்தி இல்லை என்று நம்பிக் கம்பத்தின்மேல் ஏறி வேலை செய்யும் தொழிலாளி அக்கணமே உயிரிழப்பான். ஒருவர் பயிரைக் காக்க ஓட்டும் யந்திரம் மற்றொருவர் குடும்பத்தை அநாதையாக்கலாகாது. கிராம அதிகாரிகள் தங்கள் எல்லையிலுள்ள யந்திரங்கள் யாவற்றிலும் இச்சுவிட்சு இருக்கின்றதா என்று விசாரித்து, இல்லாதோருக்கு எடுத்துச் சொல்வது பேருபகாரமாகும்.

முன்னெச்சரிக்கை

யந்திரம் ஓடிய மணிகளையும், எண்ணெயும் பில்டரும் மாற்றிய தேதிகளையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். உபரியாக ஒரு நாஸில், ஒரு பில்டர், ஒரு காஸ்கெட் ஆகியவற்றை வாங்கி வைத்தல் நன்று. வேலையில்லாத மாதங்களிலும் இரு வாரத்திற்கு ஒருமுறை, சிறிது பளுவுடன் கால் மணி நேரமாவது யந்திரத்தை ஓட்டிவருக. இவ்வாறு பேணப்படும் யந்திரம் பயிர் வாடும் நாளில் கைவிடாது.